இரண்டு குழாயிலும் ஒரே வரிசை

அக்காவின் ரத்தத்தைத் தங்கையே சோதிப்பது அந்த ஆய்வகத்தில் வழக்கமில்லை. முன்பு எலும்பு மஜ்ஜை கொடுத்து அக்காவைப் பிழைக்க வைத்தவளே அவள்தான் என்பதால், தலைமை மருத்துவர் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்.

அக்காவின் ரத்தப் புற்று திரும்பியிருந்தது. மறுநாள் மறுபடியும் தங்கையிடமிருந்தே மஜ்ஜை எடுப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் எந்த செல் கெட்டது என்று தெரிந்தாக வேண்டும். ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல் ஒவ்வொன்றும், வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதுபோல, தன் வெளிச்சவ்வில் ஓர் எதிர்ப்பொருளைப் பதித்து வைத்திருக்கும். அதற்கான மரபணுவைத் தானே வெட்டி, மனம்போனபடி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒருவர் உடம்பில் பிறந்த மரபணு எழுத்து வரிசை இன்னொருவர் உடம்பில் எழுத்துக்கு எழுத்து அப்படியே பிறக்காது. கெட்ட செல் பெருகினால் அதன் வரிசை மட்டும் கூட்டம் கூட்டமாகத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டியிருந்தது. தங்கை தன் கையையே நீட்டினாள்.

"ஊசின்னா ஓடுறவளுக்கு இன்னைக்கு என்ன வீரம்?" என்றாள் பக்கத்து மேஜைத் தோழி.

"ஓசியில கிடைக்குதுல்ல, அதான்."

திரையில் அக்காவின் வரிசை வந்தது. பழைய நோயின் வரிசை அவளுக்கு மனப்பாடம். இது அதுவல்ல. குழப்பத்தோடு தன் குழாயின் முடிவைத் திறந்தாள். எத்தனையோ வரிசைகளுக்கு நடுவே, அதே எழுத்துகள்.

"குழாய் கலந்துபோச்சுடி. தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடு," என்றாள் தோழி.

புது ஊசி, புதுக் குழாய், வேறு அறை, வேறு கருவி. மறுபடியும் அதுவே வந்தது. தோழி தன்னையறியாமல் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு வந்திருப்பது அக்காவின் நோயே அல்ல. கொடுத்த மஜ்ஜையோடு போய்க் குடியேறியது. அதன் உடன்பிறப்பு இங்கே, இவள் எலும்புக்குள், சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. முழங்கையை அழுத்திப் பார்த்தாள். வலிக்கவே இல்லை.

கைபேசி அடித்தது. அக்கா.

"என்னடி, நாளைக்கு வர்றல்ல? உன் ரத்தம் ஏறினதுலேர்ந்து எனக்கும் உன்னாட்டம் மூக்குமேல கோவம் வருதாம். உங்க மாமா புலம்புறாரு."

"அக்கா, நான் தரக் கூடாது."

"ஏன், பயமா?"

"உனக்கு இப்ப வந்திருக்கறது... என்கிட்டேயிருந்து வந்ததுக்கா. எனக்குள்ளயும் இருக்கு."



"உனக்கு ஏதாவது செய்யுதாடி?"

"ஒண்ணுமே செய்யல. நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் நல்லாத்தான்டி இருந்தேன்," என்றாள் அக்கா. "போனை வச்சுட்டு டாக்டர்கிட்ட போ. இப்பவே போ."