வீசாத கை

“இந்தக் கை தப்பு, ஷைனி,” என்றார் கமலினி மேடம்.

திரையில் பென்சில் கோடுகளாலான ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். மொத்தம் பன்னிரண்டு படங்கள். கடைசிப் படம் முடிந்ததும் முதல் படம் திரும்ப வரும்படி வைத்திருந்ததால், அவள் நிற்காமல் நடந்தபடியே இருந்தாள்.

“இடது கால் முன்னால போறப்ப வலது கை முன்னால வரணும். முதல் வாரத்துப் பாடம் இது. உன் பொம்பளைக்கு இடது கை மட்டும்தான் வீசுது. வலது கை ஆணியில மாட்டின பை மாதிரி கிடக்கு. வலது கால் வேற ரெண்டு ஃப்ரேம் லேட்டா விழுது. வீடியோவைப் பார்த்துதானே வரைஞ்சே?”

“ஆமா மேடம். எங்கம்மா நடக்கறது.”

“அப்ப சரியாப் பார்க்கலை. திருத்திக் கொண்டா.”

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். ஷைனி தாள்களை அள்ளிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். அவமானமாக இருந்தது. பயம் அப்போது வரவில்லை.

திருநின்றவூரில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் அனிமேஷன் இரண்டாம் வருடம் படித்தாள். தங்குவது விடுதியில், ஊர் கும்மிடிப்பூண்டி. சேர்ந்த புதிதில் அவளுக்கு மனித உருவம் வரையவே வராது. மரங்களை வரைவாள், பைக்கை வரைவாள், ஆளை வரைந்தால் மட்டும் அது துணிக்கடை பொம்மை மாதிரி விறைத்து நிற்கும். கமலினி மேடம் முதல் நாளே அழிக்கும் ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஒரு மாணவன் மேடையில் நிற்பான், முப்பது நொடியில் வரைய வேண்டும், பிறகு வேறு மாதிரி நிற்பான். “மூஞ்சியை விடு. உடம்போட பாரம் எந்தக் கால்ல இருக்குன்னு பாரு” என்று பின்னாலிருந்து அவர் குரல் வரும். ஒரு வருடம் அப்படிப் போனது. அதற்குப் பிறகு ஷைனியால் பழையபடி யாரையும் பார்க்க முடியவில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்பவனின் சட்டைக்குள் எந்தத் தோள் ஏறியிருக்கிறது, எந்த இடுப்பு இறங்கியிருக்கிறது என்று கண் தானாகத் தேடியது. வரைவது இன்னும் சுமார்தான். பார்ப்பதில் மட்டும் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை இருந்தது.

அதனால்தான் மேடம் சொன்னது சுருக்கென்றது. போனை எடுத்து வீடியோவைத் திறந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபோது எடுத்தது. “நடக்கறதயெல்லாமா படம் புடிப்பாங்கோ? இன்னா படிப்புடி இது?” என்று அம்மா ரோசம்மாள் சிரித்துக்கொண்டே தெருக்கோடியிலிருந்து வீட்டு வாசல்வரை நடந்து வந்தாள். நீலப் புடவை. கையில் ஒன்றும் இல்லை. பைபிளைக்கூட ஷைனிதான் வாங்கி வைத்திருந்தாள்.

அவள் வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். இடது கை முன்னால் போனது, பின்னால் போனது. வலது கை முழங்கையில் லேசாக மடங்கி இடுப்போடு ஒட்டி நின்றது. நகர்த்தினாள். இடது கை போனது, வந்தது. வலது கை அங்கேயே நின்றது. வலது பாதம் குதிகாலில் இறங்காமல் பலகை மாதிரி தட்டையாக, இரண்டு ஃப்ரேம் தாமதித்து விழுந்தது.

படம் சரியாகத்தான் இருந்தது. அவள் பார்த்ததைத்தான் வரைந்திருந்தாள்.

கேமராவுக்கு வெட்கப்பட்டு அப்படி நடந்திருக்கலாம் என்று நினைத்தாள். போனில் பழைய வீடியோக்களைத் தேடினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ்; அம்மா கேக் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறாள், இரண்டு கையும் வீசுகின்றன. போன வருட ஈஸ்டர். வலது கை பாதி தூரம்தான் போய்த் திரும்புகிறது. போன ஞாயிறு, போகவே இல்லை. மூன்றிலும் அம்மா எடுத்து வைக்கும் ஒரே அடியைத் தேதி போட்டுத் தாள்களில் வரைந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக லைட் பாக்ஸின் கண்ணாடியில் வைத்து ஒரே தாளில் தடம் எடுத்தாள். கீழேயிருந்து வந்த வெளிச்சத்தில் மூன்று அம்மாக்கள் தெரிந்தார்கள். ஒவ்வொரு அம்மாவுக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

ஷைனிக்கு இப்போதுதான் பயம் வந்தது. ஏனென்றால் அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ரோசம்மாள் சிப்காட் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினாள். இரும்புத் தகட்டை அச்சின்மேல் வைத்தால் மேலிருந்து பெரிய தலை இறங்கி ஒரே அடியில் வளைத்துவிடும். இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒன்றாக அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். ஆனால் அப்படி ஓட்டினால் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு முடியாது என்று, வலது பட்டன் அழுந்தியே இருக்கும்படி அதன்மேல் ஒரு துண்டு அட்டையை மடித்து வைத்து டேப் சுற்றிவிடுவார்கள் என்று அம்மாவே ஒருநாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். இடது கை பட்டனை அழுத்தும். வலது கை அச்சுக்குள் போய்த் தகட்டை வைத்துவிட்டு வெளியே வரும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் தடவையாவது.

நொடிக்கு இருபத்துநான்கு ஃப்ரேம் ஓடும் படத்தில் இரண்டு ஃப்ரேம் என்பது ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. படத்தில் கண் சிமிட்டினால் தவறிப்போகும். பிரஸ்ஸுக்குள் இருக்கும் கைக்கு?

அம்மாவைக் கூப்பிட்டாள். மணி பத்தேகால். காலை ஆறு மணி ஷிப்ட். போன் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் நான்கு முறை கூப்பிட்டாள். லாரி ஓட்டும் அப்பா தாவீது நாக்பூர் பக்கம் எங்கோ இருந்தார். அவருக்கும் லைன் கிடைக்கவில்லை.

“மேடம், நான் ஊட்டுக்குப் போணும்.” வகுப்பில் அவள் ஊர்ப் பேச்சில் பேச மாட்டாள், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“ஏன், என்ன ஆச்சு?”

ஷைனி போனை நீட்டினாள். கமலினி மேடம் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கும்போது அவர் முகம் மாறியது.

“நான்தான் சரியாப் பார்க்கலை,” என்றார். “போ. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிண்டு போ.”

ரயிலில் வந்து பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு அரைமணி நேரம் காத்திருந்தாள். நடைமேடை முழுக்க ஆட்கள் நடந்தார்கள். எல்லோருக்கும் இரண்டு கையும் வீசின. பூக்காரம்மாவுக்கு வீசியது, குடித்துவிட்டுத் தள்ளாடியவனுக்கும் வீசியது. அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். வண்டி மீஞ்சூரில் நின்றது, பொன்னேரியில் நின்றது, கவரப்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் இருபது நிமிடம் சும்மா நின்றது. இந்த நிமிடத்தில் கை உள்ளே போகிறது, வெளியே வருகிறது. உள்ளே போகிறது என்று அவள் மனம் எண்ணிக்கொண்டே வந்தது. நிறுத்த முயன்றாள், முடியவில்லை.

ஷேர் ஆட்டோ பிடித்து கம்பெனி வாசலுக்கு வந்தபோது ஒன்றே முக்கால். காவலாளி உள்ளே விடவில்லை.

“ரெண்டு மணிக்கு வுட்ருவாங்கோ. அங்க ஓரமா நில்லும்மா.”

“உள்ள யாருக்கும் ஒண்ணும் ஆவலையே?”

“இன்னா ஆவணும்?” அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

சங்கு ஊதியது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டை மடித்துக் கையில் பிடித்து, பேசிக்கொண்டு, பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். ஷைனி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கூட்டம் குறைந்தது. பத்துப் பேர், பிறகு நான்கு பேர். பிறகு வாசல் காலியானது. அடுத்த ஷிப்ட் ஆட்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு பத்து ஆனது. உள்ளே எங்கோ இயந்திரங்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்த சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. அம்மா வரவில்லை.

அவள் காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியிருப்பாள். அதற்குள் சின்னக் கதவைத் திறந்துகொண்டு தமிழ்செல்வி வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்பவள்.

“பாப்பா, நீ எங்க இங்க?”

“அம்மா எங்கக்கா? அம்மா கை…”

தமிழ்செல்வியின் முகம் வெளுத்தது. “உனுக்கு யாரு சொன்னா?”

ஷைனி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அய்யோ, அதெல்லாம் இல்ல! நல்லாத்தான் கீது. கோட்டு பட்டன் கழட்டிக்கினு கீது. தெனிக்கும் நான்தான் கழட்டி வுடுவேன். இன்னைக்கு நானே செய்றேன், நீ போன்னு தொரத்திச்சு.”

கதவு மறுபடி திறந்தது. ரோசம்மாள் வந்தாள். கோட்டின் மேல் பட்டன்கள் இரண்டும் கழன்றிருந்தன, மற்றவை கழலவில்லை. பத்து விரலும் இருந்தன. ஷைனி அவற்றை எண்ணினாள். எண்ணி முடித்த பிறகுதான் அழுதாள்.

சாலையோரம் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் குழாயின்மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

“படிக்கிறத வுட்டுட்டு எதுக்குடி ஓடியாந்த? எனக்கு ஒண்ணியும் இல்ல. ராத்திரி தூக்கத்துல கை மரத்துப் போவுது, அவ்ளோதான்.”

ஷைனி மூன்று வீடியோக்களையும் வரிசையாகக் காட்டினாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஞாயிறு. ரோசம்மாள் வெயிலுக்கு முந்தானையை மறைவாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசி வீடியோ முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள்.

“இது நானா?” என்றாள். “நான் இப்டியா நடக்கறேன்?”

போனை மகள் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“எட்டு மாசமா கீதுடி. மொதல்ல பட்டன் போட வர்ல. அப்பறம் பேங்குல கையெழுத்துப் போட்டா எழுத்து எறும்பாட்டம் சின்னதா போவுது, வேற யாரோ போட்டதுன்னாங்கோ. வாதம்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா காண்ட்ராக்ட்டுல கீறவள ஒரு நாள் வெச்சிக்குவானா? நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் எப்டியாவது தள்ளிக்கினு போயிடலாம்னு பாத்தேன்.”

“பிரஸ்ல எப்டிம்மா…”

“போன வாரம் கிளவுஸ் நுனி மாட்டிச்சு.” அம்மா தன் வலது நடுவிரலைப் பார்த்தாள். “கிளவுஸ் மட்டும்தான். அன்னைல இருந்து பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தபாவும் ஜெபம் பண்றேன். ஆயிரம் தபா.”

அம்மா பயந்து ஷைனி பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தது அவளை மிகவும் பயமுறுத்தியது. கூட இருந்து இதைத் தாங்க வேண்டியவள் இனி தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கான தைரியம் தன்னிடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

மறுநாள் சென்னைக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்தார்கள். வலிப்பு, பக்கவாதம், தலையில் கட்டு என்று சுற்றிலும் ஆட்கள். அம்மா ஷைனியின் கையை விடவில்லை. பிடித்திருந்தது இடது கையால். டாக்டர் இளம்பெண். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை நாலு தட்டு தட்டிவிட்டு, வரவரச் சின்னதாகி, நின்றுவிட்டது. தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். ஷைனி வீடியோக்களையும் லைட் பாக்ஸில் எடுத்த தடத்தையும் காட்டினாள். டாக்டர் அந்தத் தாளைச் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“தேதியோட இருக்கே. இவ்வளவு தெளிவா யாரும் கொண்டுவர மாட்டாங்க,” என்றார். “ஸ்கேன் எடுத்துடலாம். ஆனா பார்க்கின்சன் மாதிரிதான் தெரியுது. நடுக்கம் இல்லாமலே சில பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும்.”

“சரியாப் போய்டுமா டாக்டர்?”

“முழுசாப் போகாது. மாத்திரையில கட்டுக்குள்ள வைக்கலாம், நிறைய வருஷம். ஆனா அந்த மெஷின்ல இனிமே ஒரு நாள்கூட உக்காரக் கூடாது.”

ஸ்கேனிலும் வேறெதுவும் இல்லை. திங்கட்கிழமை ரோசம்மாள் டாக்டர் சீட்டோடு சூப்பர்வைசர் ராபினைப் பார்க்கப் போனாள். ஷைனி வாசலில் நின்றாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த அம்மாவின் முகம் சிவந்திருந்தது.

“செக்கிங் டேபிளுக்கு மாத்திட்டாங்கோ. குறை இருக்கிற பீஸை எடுத்துப் போடணும், அவ்ளோதான்.”

“அதுக்கா இவ்ளோ நேரம்?”

“என் மெஷின்ல ஆந்திராவுல இருந்து வந்த ஒரு பொண்ண உக்கார வெச்சாங்கோ. உன் வயசுதான் இருக்கும். அட்டைய எடுங்க, ரெண்டு பட்டனும் வேலை செய்யட்டும், அப்பதான் நான் நகருவேன்னு அங்கயே நின்னுட்டேன். ராபினு கத்தினாரு. தமிழ்செல்வியும் மெஷின நிறுத்திட்டு வந்து நின்னா. அப்பறம் எடுத்தாங்கோ. எங்க ரெண்டு மெஷின்லதான். மத்ததுல அப்டியேதான் கீது.”

அம்மாவின் உதடு நடுங்கியது. அது நோயா, கத்திவிட்டு வந்ததாலா என்று ஷைனிக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மாத்திரை எழுதிக்கொடுத்து, மாதம் ஒரு தடவை அம்மா நடப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். ஷைனி எடுத்தாள், ஆனால் திறந்து பார்க்கவில்லை. டாக்டரிடம் போனைக் கொடுத்துவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருப்பாள். வகுப்பில் வேறு யாராவது நடப்பதை வரையச் சொன்னால் வரைந்தாள். அம்மாவை மட்டும் வரையவில்லை. விடுதியில் போன் அடித்தால் இன்னமும் இரண்டாவது மணிக்குள் ஓடி எடுத்தாள்.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீடியோ எடுத்து முடித்ததும் ரோசம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ இத பாக்கறதே இல்ல, இல்ல?”

ஷைனி ஆமாம் என்று தலையாட்டினாள்.

“எனக்கும் பேஜாராத்தான் கீது. குடு. ரெண்டு பேரும் சேந்து பாப்போம்.”

ஷைனி ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். இடது கை போனது, வந்தது. வலது கை இடுப்பை விட்டு விலகிக் கொஞ்சம் முன்னால் வந்தது. கொஞ்சம்தான். கால் இன்னும் தாமதமாகவே விழுந்தது. ஷைனி எண்ணினாள்.

“ஒரு ஃப்ரேம்மா,” என்றாள். “ரெண்டு இல்ல. ஒண்ணு.”

“அப்டின்னா நல்லதா?”

“தெரியலம்மா. டாக்டர் சொல்லணும்.”

“இன்னொரு தபா போடு,” என்றாள் ரோசம்மாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.