இரும்புக் கதவும் தளபதியின் சக்தியும்

விளையாட்டின் மூன்றாம் பாக ட்ரெய்லர் வெளியான மதியமே அவளுக்கு முதல் செய்தி வந்துவிட்டது. "இரும்புக் கதவைத் தாண்ட முடியும்னா, முதல் பாகத்துல ஏன் தாண்டல?"

அவள் அந்த விண்வெளி வீடியோ கேமின் கதாசிரியை. யாருக்கு என்ன சக்தி, அது எதுவரை செல்லும் என்று பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. அலுவலகத்தில் 'காவல்காரி' என்றே கூப்பிடுவார்கள். கதைநாயகியான தளபதி கல்லையும் மண்ணையும் ஊடுருவிப் போவாள். இரும்பை மட்டும் முடியாது. அதனால்தான் முதல் பாகத்தில் அவளுடைய தங்கை, இரும்புக் கதவு பூட்டிய அறைக்குள் மூச்சுத் திணறிச் செத்தாள். மூன்றாம் பாகத்தில் சண்டை சூடு பிடிக்கட்டும் என்று முதலாளி அந்தத் தடையை எடுத்துவிட்டார்.

"அப்போ தங்கச்சி செத்தது இவ அலட்சியத்தாலன்னு ஆயிடும் சார்."

"சுட்டு விளையாடற அவசரத்துல எவன்மா பழசைக் கிளறப் போறான்?"

ஒருவன் கிளறினான். அதே கேள்வி, அதே ஆளிடமிருந்து, திரும்பத் திரும்ப வந்தது. சாயங்காலம் வேறொன்று வந்தது: "உங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன்."

கணவனுக்குப் போன் செய்தாள்.

"பின்பக்கமா இறங்கி வா. நான் வண்டியோட வந்துடறேன்," என்றான் அவன்.

பின்படிக்கட்டில் இறங்கிக் கீழ்க்கதவைத் திறந்ததும் எதிரே ஓர் ஆள். லிஃப்ட் மெக்கானிக்கின் சீருடை, கையில் பெரிய ஸ்பானர். அவர்கள் கட்டிடத்து லிஃப்டைப் பார்க்க வருகிறவன்தான். எந்த வழி எங்கே போகும் என்று அவனுக்கு அத்துப்படி. கத்த வாயெடுத்தாள்.

"என் தம்பி முன்னாடி ஒரு குளிர்பதனக் கிடங்குல மாட்டிக்கிட்டுச் செத்தான்," என்றான் அவன். "வெளியே நின்னு இரும்புக் கதவை இடிச்சேன். திறக்கல. உங்க தளபதியும் அப்படித்தான் இடிச்சா. அவளாலேயே முடியலையேன்னுதான் நான் ராத்திரி தூங்கறேன். இப்ப முடியும்ங்கறீங்க. அப்போ... நான் சரியா இடிக்கலையா?"



"அவளால முடியாதுங்க," என்றாள். "அந்தக் காட்சி தப்பு. நான் போய் மாத்த வைக்கிறேன்."

அவன் ஒதுங்கி நின்றான். அவள் ஓடாமல் நடந்தே மேலே போனாள்.

முதலாளி முதலில் சிரித்தார். "வீடியோவ எடுத்தா மானம் போயிடும்மா." அவன் ஸ்பானரோடு கீழே நிற்கிறான் என்று கேட்டதும் எழுந்து, ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"போலீசைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் சார். தடையைத் திரும்பப் போடுங்க, போதும்."

அரைமணியில் ட்ரெய்லர் நீக்கப்பட்டது; தடையும் திரும்ப வந்தது. கதைக்காகச் செய்யாததைப் பயத்துக்காகச் செய்தார் என்பது அவளுக்குக் கசந்தது. செய்தி சொல்லக் கீழே வந்தபோது அங்கே கணவன் மட்டும் வண்டியோடு நின்றிருந்தான். மெக்கானிக்கைக் காணோம்.

"எடுத்துட்டோம். தளபதியால முடியாது," என்று செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. வீடு போய்ச் சேர்ந்தும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விபரீதமாக ஏதாவது செய்துகொண்டானோ?

கடைசியில் திரை ஒளிர்ந்தது.

"சரிங்க. இப்ப என் வீட்டுக்குப் போறேன். உங்க கதவைச் சாத்திக்கோங்க."

இத்தனை நேரம் தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தானா என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.