தங்கைக்குத் தெரிந்த சம்பளம்

தங்கை முப்பிடாதியின் கல்யாணத்தில் முருகம்மாளைவிடச் சந்தோஷமாக ஓடியாடியவர்கள் யாரும் இல்லை. பொறாமை அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது, வடகரையில் அப்பா வீட்டுக்கு இரண்டு மருமகன்களும் விருந்துக்கு வந்த அன்று.

மூத்த மருமகன் குத்தாலிங்கம், முருகம்மாளின் கணவர். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்தார். இளைய மருமகன் நயினார் பி.காம். படித்துவிட்டுத் தென்காசியில் ஒரு பாங்கில் குமாஸ்தாவாக இருந்தான். அப்பா பிச்சையா உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிவந்து, துண்டால் தட்டி நயினாருக்குப் போட்டார். குத்தாலிங்கம் வழக்கம்போலப் பாயில் சம்மணம் கூட்டி உட்கார்ந்தார். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அடுக்களை நிலைப்படியில் நின்ற முருகம்மாளுக்குத்தான் வயிறு எரிந்தது.

இத்தனைக்கும் அந்தப் படிப்பே அவள் வீட்டுப் பணம். நயினாரின் தகப்பனார் இருந்த ஒரே வயலை அடமானம் எழுதிக்கொடுத்து, குத்தாலிங்கத்திடம் மூவாயிரம் ரூபாய் வாங்கித்தான் மகனைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். பையன் தேறி, வேலையும் கிடைத்ததும், கெட்டிக்காரனை வெளியே விட்டுவிடக் கூடாதென்று குத்தாலிங்கமே பேசி மைத்துனிக்கு முடித்துவைத்தார். உறவு வேறு, கடன் வேறு என்பதில் மட்டும் அவர் தெளிவாக இருந்தார். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி.

அதன்பிறகு முருகம்மாள் வடகரைக்குப் போகும்போதெல்லாம் இருக்கிற நகையெல்லாம் பூட்டிக்கொண்டுதான் போனாள். முப்பிடாதியின் கழுத்தில் தாலிக்கொடியும் ஒரு மெல்லிய சங்கிலியும்தான் கிடந்தன. ஆனாலும் ஊர்ப்பெண்கள் முப்பிடாதியைத்தான் சுற்றி உட்கார்ந்தார்கள். பாங்கில் பணம் போட்டால் பத்திரமா என்று அவளிடம்தான் கேட்டார்கள். அவளும் பெரிய மனுஷி மாதிரி நிதானமாகப் பதில் சொல்லுவாள். முருகம்மாளின் வளையல்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், சாரல் நன்றாக விழுந்த சமயம், குத்தாலிங்கம் ஒரு பிளஷர் காரை வாடகைக்குப் பிடித்து எல்லோரையும் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் குளித்துவிட்டு, ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நயினார் கைக்கடிகாரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து அப்பா, தன் காலத்தில் கலெக்டர் கையில்தான் இப்படி ஒன்றைப் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்னார்.

முருகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. எலுமிச்சைச் சோற்றை நயினார் இலையில் வைத்துக்கொண்டே, "கடியாரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மாசமா வட்டிக்காசுதான் வந்தபாடில்ல" என்றாள்.

அவளிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. வந்திருக்காது என்று அவளாகவே நினைத்துக்கொண்டது.

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. நயினார் முகம் சிவந்தான். ஆனால் குரல் உயரவில்லை. "போன வெள்ளிக்கிழமைகூட அண்ணாச்சி கையில குடுத்தேனே, மைனி. ஒரு மாசமும் தவறல" என்றான். எல்லோரும் குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தார்.

"வந்துச்சு, வந்துச்சு. வரவு செலவெல்லாம் வீட்டுப் பொம்பளைட்ட சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பாவும் சிரித்துவிட்டார். முருகம்மாள் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஈரச்சேலைகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தபோது முப்பிடாதி பின்னாலேயே வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து முருகம்மாள் திரும்பாமலே நின்றாள். முப்பிடாதி சேலையின் மறு முனையைப் பிடித்தாள்.

"கடியாரம் அவுக கூட வேல பாக்கவர் பழசா வித்தது, யக்கா. எங்களுக்கு எங்க காசு? சம்பளம் நூத்தம்பது. அதுல வட்டியும் முதலுமா எழுவது அத்தானுக்குப் போயிருது. கையில நிக்கது எம்பது. எஸ்.எஸ்.எல்.சி.யோட நின்னு மண்டிக் கணக்கப்பிள்ளையாப் போயிருந்தாலும் இதே எம்பதுதான்."

முருகம்மாளுக்கு ஒரு கணம் உள்ளம் குளிர்ந்தது. "அப்ப படிச்சு என்னட்டி லாபம்?"

"இப்பம் லாபமே இல்ல. கடன் அடைய அஞ்சு வருசம் ஆவும். படிச்ச நாலு வருசம் சம்பாத்தியம் இல்லாம இருந்தாகள்லா, அதையும் சேர்த்தா அதுக்கு மேல இன்னும் நாலு நாலர வருசம். பெறவுதான் படிச்சதுக்கு மிச்சம்னு ஒண்ணு வரும். நாங்க போட்டுப் பாத்தோம்."

"நாங்கன்னா?"

"அவுகளும் நானும். ஒண்ணாந் தேதி சம்பளத்தை என் மடியில வச்சிட்டு, அடுப்புக்கு முன்னால உக்காந்து சொல்லுவாக. தப்பாச் சொன்னா நான் திருத்துவேன்."

முப்பிடாதி அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள். முருகம்மாள் கொடியைப் பிடித்தபடி நின்றாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. குத்தாலிங்கம் கேட்ட நகை வாங்கித் தருவார், கை ஓங்கியதில்லை. ஆனால் மண்டியில் எவ்வளவு வருகிறது, யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பட்டத்தின் மீதும் நாற்காலியின் மீதும் இருந்த எரிச்சல் அந்த நிமிஷத்தில் அவளுக்கு அற்பமாகப் பட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது முன்னதைவிடக் கடுமையாக இருந்தது.

சொன்னபடியே கடன் அறுபத்தேழில் அடைந்தது. அடமானப் பத்திரத்தை வாங்க முப்பிடாதி அல்வாப் பொட்டலத்தோடு புளியங்குடிக்கு வந்தாள். பீரோச் சாவி முருகம்மாளின் இடுப்பிலேயே இருந்தது. இருந்தும், சாவி மண்டியில் இருக்கிறது, அடுத்த வாரம் வா என்று சொல்லித் தங்கையைத் திருப்பி அனுப்பினாள். முப்பிடாதி முகம் கோணாமல் தென்காசி பஸ் ஏறிப் போய், அடுத்த வாரம் மறுபடி வந்தாள். அன்று முருகம்மாள் வேறு பொய் தேடவில்லை. பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

இனி மாதா மாதம் மிஞ்சுகிற எழுபதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசாரித்தாள். அதை வைத்துத்தான் வீட்டில் நாலு நாளாகச் சண்டை என்றாள் முப்பிடாதி. அவருக்குச் சைக்கிள் வேண்டுமாம். இவளுக்குத் தையல் மெஷின். நேற்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லையாம். அந்தச் சண்டையைக் கேட்டும் முருகம்மாளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மத்தியானம் குத்தாலிங்கம் சாப்பிட வந்தார். இலையைப் போட்டாள், தண்ணீர் வைத்தாள். சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு, சோறு வைக்காமல் நின்றாள்.

"போன மாசம் மண்டியில என்ன நின்னுச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, கரண்டியும் அசையவில்லை. வெறும் இலையை ஒருதரம் பார்த்துவிட்டு, "எழுநூறு இருக்கும்" என்றார்.

அது மெய்யா பொய்யா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"வெளிய குடுக்க வேண்டியது?" என்று கேட்டுக்கொண்டே அவர் எதிரில் உட்கார்ந்தாள்.