மேலும் படிக்க

சின்னையாவைக் குளிப்பாட்டிப் பெட்டிக்குள் வைக்கும்போதே அவர் மனைவி தாமரை, மகன் விமலனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலாயுதம் அண்ணன இன்னும் காணோமேடா. ஒரு போன் அடிச்சுப் பாரு."

"காலையிலயே மெசேஜ் போட்டாச்சும்மா. ப்ளூ டிக் வந்துருச்சு. வந்துருவாரு" என்றான் விமலன்.

சின்னையாவும் வேலாயுதமும் கிள்ளான் துறைமுகத்தில் ஒரே லோரியில் ஓடியவர்கள். ஒருவர் ஓட்டினால் மற்றவர் தூங்குவார். பிள்ளை போட்டதும் அடுத்த வாய்க்கரிசி வேலாயுதம் கையால்தான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சின்னையா சொல்லிக்கொண்டிருந்தார்.

மின்சுடலையில் இரண்டு மணிக்கு இடம் கிடைத்திருந்தது. விட்டால் மறுநாள்தான். சவ வண்டிக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். எடுத்துவிட்டார்கள்.

அப்பாவின் போனிலிருந்துதான் விமலன் எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தான். மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவன். ஒரு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. 'உழைப்பின் உருவம், வியர்வையின் முகவரி' என்று ஆரம்பித்து, தோட்டம், மூட்டை, தான் பட்டம் வாங்கிய நாள் எல்லாம் எழுதி, எடுக்கும் நேரத்தை ஆகக் கடைசியில் வைத்தான். வியர்வை இரண்டு இடத்தில் வருகிறதென்று ஒன்றை அடித்தான். அப்பா செத்ததற்கு அழாதவன், அதைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது அழுதான்.

சுடலையிலிருந்து திரும்பியபோது கூடாரத்துக்குக் கீழே வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டைகூட மாற்றவில்லை. மடியில் பிளாஸ்டிக் பையில் மாலை.

"எடுத்துட்டீங்களா தம்பி?"

"மெசேஜ்ல நேரம் போட்டிருந்தேனே அங்கிள்."

சொன்ன பிறகுதான் தன் குரல் விமலனுக்கே கேட்டது.

"வந்துச்சுப்பா. ஜொகூர்ல லோடு எறக்கிட்டு இருந்தேன். நல்லா எழுதியிருந்த. ரெண்டு வரி படிச்சதுமே கண்ணு மறைச்சிருச்சு. அடியில நேரம் இருக்கும்னு தோணல. நம்ம ஆளுங்கள நாலு மணிக்கு மேலதான எடுப்பாங்கன்னு ஓட்டிட்டு வந்தேன்."

கீறல் விழுந்த போனை நீட்டினார். விமலனின் எழுத்து பாதியில் நின்று, அடியில் 'மேலும் படிக்க' என்றிருந்தது. அதற்கு மேலே அப்பா போட்டவை.

'மூணாம் கேட். வா.'

'மழை. மெதுவா ஓட்டு.'

'ஆஸ்பத்திரில இருக்கேன்.'

ஒவ்வொன்றுக்கும் கீழே வேலாயுதத்தின் 'வரேன்'.

விமலனின் சட்டைப் பையில் அப்பாவின் போன் அதிர்ந்தது. காலையிலிருந்தே அப்படித்தான். அருமையான வரிகள் என்று யாராவது போட்டிருப்பார்கள். அவன் எடுக்கவில்லை. கதவோரம் நின்ற தாமரை மகனைப் பார்த்தாள்.

சுடலைக்குப் போய்வந்தவர்கள் ரப்பர் குழாயில் கால் கழுவி ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வேலாயுதம் எழுந்து, மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"நீங்கதான் அங்க போகலையே அங்கிள், கழுவ வேணாம் லா. அப்படியே உள்ள போங்க" என்றார் முன்னால் நின்றவர்.

வேலாயுதம் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார்.

விமலன் குழாயை வாங்கி அவர் கால்களில் தண்ணீர் விட்டான். அவர் போதும் என்று சொல்லவில்லை. தண்ணீர் சிமெண்டில் ஓடி, சாலையோரம் நின்ற அவர் லோரியின் டயர் வரை போனது.