தார்ப்பாய்க்கு ஆறு கயிறு

1

இந்தக் கதையை சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் திருடினேன். ஊருக்குக் கொண்டுபோக ஜவுளி எடுத்தபோது, பார்சல் கட்டிய பெண் கயிற்று நுனியை மடித்துச் செருகி, "ஏர்போர்ட்டுல பிரிக்கச் சொன்னா இதப் புடிச்சு இழுங்கண்ணே, அவுந்துரும்" என்றார். இழுத்தேன், அவிழ்ந்தது. நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "புலாவ் உபின் தீவில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு—"

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது: பரீதாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் மறுமணமாகி ஐந்து வாரம். கணவர் முகமது இஸ்மாயில், கப்பல் பட்டறையில் கிரேன் தூக்கும் பாரங்களுக்குக் கயிறு கட்டுகிறவர். கிளமெண்டியில் அவர் வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள். ஒரு பை மட்டும் ஈசூனில் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பாஸ்போர்ட், நாலு செட் துணி, கொஞ்சம் நகை. முதல் கணவர் வீட்டிலிருந்து உடுத்திய துணியோடு வெளியே வந்தவள் அவள். பையைப் பற்றி இவர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் இந்த ஐந்து வாரமும் சரியாகத் தூங்கவில்லை.

(இஸ்மாயிலை முரடராக எழுதிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டார்.)

3

உபினில் மாலை நாலு மணி. ஒரு ராத்திரி காட்டில் தங்க இருவரும் வந்திருக்கிறார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே மேலும் கீழுமாக இரண்டு ஹேமக், தூளி மாதிரித் தொங்கும் படுக்கை.* மேலே ஒரு தார்ப்பாய், அதற்கு ஆறு கயிறு. மரத்தில் இரண்டும் இடப்பக்கம் இரண்டும் அவர் கட்டினார். வலப்பக்கம் அவள்.

நுனியை மடித்துச் செருகிய அவள் முடிச்சைப் பார்த்து அவர் சிரித்தார். "இழுத்தா அவுந்துரும் போல. எங்க யார்டுல இப்படிக் கட்டுனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க லா."

காற்று வலப்பக்கமிருந்து வந்ததால் அந்தப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். மழை பிடித்த பிறகு காற்று இடப்பக்கம் திரும்பியது. சாரல் நேராக உள்ளே அடித்தது. இடப்பக்கத்தைத் தாழ்த்த வேண்டும். நனைந்து இறுகிய தன் முடிச்சோடு இஸ்மாயில் மல்லுக்கட்டினார். பத்து டன் பாரம் தொங்கினாலும் அசையாத முடிச்சு, அவருக்கும் அசையவில்லை. கடைசியில் கத்தியால் இரண்டு கயிற்றையும் அறுத்தார்.

"பரீதா, ஒன் முடிச்சையே போடு!"

அவள் தாழ்த்திக் கட்டினாள். சாரல் நின்றது. அவர் கயிற்று நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

"தானா அவுந்துராதே?"

"இழுத்தாத்தான் அவுரும்."

"அப்போ சரிதான்." தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "அந்த ஈசூன் பையும் அங்கயே இருக்கட்டும்."

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"ஒங்க அண்ணன்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே."

* மரத்தில் வழியும் தண்ணீர், ஹேமக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதுகுக்கு வந்துவிடும். கயிற்றில் ஒரு துணித்துண்டு கட்டினால் வழியிலேயே சொட்டிவிடும். கதைக்கு இது தேவையில்லை. முதுகு நனைந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

4

முடிவு அ: திங்கட்கிழமை பரீதா ஈசூனுக்குப் போய்ப் பையை எடுத்து வருகிறாள். (கைதட்டல் கிடைக்கும். எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பை அங்கேயே இருக்கிறது, வருடக்கணக்காக, அவள்

இதை முடிக்க எனக்கு உரிமையில்லை. இவர்கள் இருவர் மீதும் எனக்குப் பிரியம் கூடிவிட்டது. பையை நீங்களே எடுத்து வாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். மழை விடுவதற்குள் பரீதா தூங்கிவிட்டாள்.