பெல்லுக்குப் பேறுகாலம்

ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள் ரேணுகாதேவி. புருஷன்மேல் அவளுக்குச் சந்தேகம் என்று ஒருநாளும் வந்ததில்லை. அன்பழகன் குடிக்க மாட்டான், அடுத்த பெண்ணை ஏறிட்டுப் பார்க்க மாட்டான். வீட்டுக்கு வர மாட்டான், அவ்வளவுதான். சந்தவாசலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் பந்தயக் குதிரைப் பண்ணையில் ஒன்பது வருஷமாகக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறான். மாசத்துக்கு இரண்டு நாள் வந்தால் அதிகம். மார்கழிக் கடைசி தொடங்கி மாசி வரை குதிரைகள் குட்டி போடுகிற சமயம் என்பதால் அதுவும் கிடையாது. இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை.

காணும் பொங்கலன்று வேலையாட்களின் குடும்பங்கள் வந்து பண்ணையைப் பார்க்கலாம் என்று இந்த வருஷம்தான் முதலாளி அனுமதி கொடுத்தார். ரேணுகா மயில்கழுத்துப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினாள், ஆறு வயது மகள் தேவிப்ரியாவுக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பாதி வழி நின்றுகொண்டே வந்தாலும் மடிப்பு கலையாமல்தான் இறங்கினாள்.

வாசலில் காத்திருந்த அன்பழகன் மகளைத் தூக்கிக்கொண்டான். சேலையை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. "வாங்க, பெல்ல பாக்கலாம். குட்டி போட்டு பத்து நாள்தான் ஆவுது" என்று முன்னால் நடந்தான்.

பெல் என்பது மார்னிங் பெல், அந்தப் பண்ணையிலேயே பேர்போன தாய்க்குதிரை. அதன் லாயம் ரேணுகாவின் வீட்டு முன்னறையைவிடப் பெரிது. முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. செம்பழுப்புக் குதிரை தலையைத் திருப்பி அன்பழகனைப் பார்த்துக் கனைத்தது. காலெல்லாம் கம்பு கம்பாக ஒரு குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது.

வீட்டில் சோறு போட்டால் 'உம்' என்பதற்குமேல் வாய் திறக்காதவன், இங்கே மடை திறந்த மாதிரி பேசினான். ஓட்ஸை மட்டும் வைத்தால் பெல் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுமாம். குதிரைமசால் தீவனத்தழையைப் பொடியாக நறுக்கிக் கலந்தால்தான் வாய் வைக்குமாம். இடி இடித்தால் நடுங்குமாம். பேசிக்கொண்டே குந்தி உட்கார்ந்து, அதன் முன்னங்காலை மேலிருந்து கீழாக நீவிவிடத் தொடங்கினான். நாள் முழுக்க ரேஷன் அரிசி மூட்டை மாதிரி ஓரிடத்திலேயே நின்று வீங்கிப்போகும் தன் கணுக்காலை இந்தக் கை ஒரு தடவையாவது தொட்டிருக்குமா என்று ரேணுகா யோசித்தாள். ஒரு வாயில்லா ஜீவன்மேல் போய்ப் பொறாமையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அடங்கவில்லை. அதன் கண் எவ்வளவு அழகு பாரென்று தேவிப்ரியா சொன்னாள். பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த நேரத்தில் பண்ணையின் குதிரை டாக்டர் பிரிஸில்லா வந்தார். அன்பழகனின் மனைவி என்று தெரிந்ததும் ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இவர் இல்லாவிட்டால் பெல் இன்று உயிரோடு இல்லை என்றார்.

"ஆறு வருஷம் முந்தி, மார்ச் பதினொன்னாந்தேதி. பெல்லுக்கு அதான் மொத குட்டி. கால் மடங்கி உள்ளயே மாட்டிகிச்சி. எடுத்துட்டோம், ஆனா தாய்க்கு ஜுரம் வந்துட்ச்சி. மூணு நாள் இவரு அத வுட்டு நகரலைங்க. வூட்டுக்குப் போயி கொஞ்சம் தூங்குங்கன்னு நானே சொன்னேன். கேக்கவே இல்ல."

ரேணுகா சிரித்தபடி தலையாட்டினாள். தேவிப்ரியா பிறந்தது அதே வருஷம் மார்ச் பன்னிரண்டு. வேலையிலிருந்து விட மாட்டேன் என்கிறார்கள் என்று அன்பழகன் அன்றைக்குப் போனில் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு அவன் வந்தபோது குழந்தைக்கு இரண்டு நாள் வயது. முகம் தெரியாத முதலாளியை இந்த ஆறு வருஷமாக அவள் சபித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் காயும் மற்றக் குட்டிகளைக் காட்டுவதாக டாக்டர் தேவிப்ரியாவைக் கூட்டிப்போனார். லாயத்தில் இருவரும் தனியே நின்றார்கள்.

"இந்தக் குட்டி எப்போ பொறந்துச்சி?" என்று கேட்டாள் ரேணுகா.

"ஆறாந்தேதி, விடியக்காலம் நாலு பத்துக்கு."

"தேவிப்ரியா எத்தினி மணிக்குப் பொறந்தா?"

குதிரையின் காலில் இருந்த கை நின்றது. அவன் அண்ணாந்து பார்த்தான்.

"ஒருநாளாவது கேட்டியா நீ?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அவள் நீ என்றது அதுதான் முதல் தடவை.

அன்பழகன் எழுந்து நின்றான். பெல் செத்துவிடும் என்று பயந்துவிட்டதாகவும், ரேணுகாவைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னான். அப்புறம் குரல் இறங்கியது. "வந்திருக்கலாம் ரேணு. வரலை. அப்புறம் உன்னாண்ட கேக்க வாய் வரலை. கேட்டா அன்னிக்கி நீ பட்டதெல்லாம் சொல்லுவ. அத கேக்குற தைரியம் எனக்கு இல்ல."

பெல் அவன் தோளில் மூக்கை வைத்தது. ரேணுகா அதைப் புறங்கையால் தள்ளினாள். வெதுவெதுவென்று, இலவம்பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. அது மறுபடி வைத்தது. அவள் மறுபடி தள்ளினாள். மூன்றாம் தடவை அவனே விலகி, அவள் பக்கமாக வந்து நின்றான்.

"எத்தினி மணிக்கு? இப்போ சொல்லு."

"இங்க சொல்ல மாட்டேன். வூட்டுக்கு வந்து கேளுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் அவன் வந்துவிட்டான். ஈனும் பருவத்தில் அவன் லீவு எடுத்தது அதுவே முதல் தடவை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டான். மத்தியானம் இரண்டே முக்கால் என்றாள். அதோடு நிறுத்தவில்லை. வலி கண்டதிலிருந்து ஆரம்பித்து, ஆட்டோ கிடைக்காமல் பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதா அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது, கதவு திறக்கும் போதெல்லாம் அவன்தான் வருகிறான் என்று திரும்பிப் பார்த்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

நடுவில் அவன் போன் அடித்தது. பண்ணை நம்பர். அவன் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும் வரை ரேணுகா காத்திருந்தாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.