கட்டத்துக்குள் வராத தொட்டில்கள்

இரும்புத் தொட்டிலைக் கதவுப் பக்கம் நகர்த்தியபோது, உள்ளே இருந்த குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

"மெதுவாம்மா. இவ முழிச்சா மத்ததுங்களும் கச்சேரிய ஆரம்பிச்சிடும்" என்றாள் காப்பகத்து அக்கா, மறுமுனையைப் பிடித்தபடி.

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. குடியிருப்போர் சங்கம் நடத்தியது. கட்டடம் மட்டும் வேறொருவருடையது. மேலே மரத்தில் செதுக்கிய கொடிகள். மேற்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே தரையில் சிவப்பும் பச்சையுமாக வெயில்.

தொட்டிலின் இந்த முனையைப் பிடித்திருந்த இவளுக்கு எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் நாற்காலிகளை எல்லாம் இவளே வெளியே போடச் சொல்லியிருந்தாள். உள்ளூர்த் தொலைக்காட்சியில் பழைய வீடுகளைக் காட்டும் நிகழ்ச்சி இவளுடையது. அதற்கு ஒரே விதி: வீட்டைவிட வயதில் இளையது எதுவும் கேமராவின் கட்டத்துக்குள் வரக் கூடாது. நிகழ்ச்சிக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த விதிதான்.

"அப்படிப் பாத்தா நம்ம ரெண்டு பேருமே வெளிய நிக்கணும் மேடம்" என்றார் கேமராக்காரர். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். இவளும் எல்லா வீட்டிலும் சிரிப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

"டிவில வந்துட்டா ஊரே பாக்கும்ல?" அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்காரரு காலி பண்ணு, காலி பண்ணுன்னு உயிர வாங்குறாரு. அப்புறம் எங்கள அசைச்சிடுவாரா என்ன?"

இவள் போன வருடம் காட்டிய வாசகசாலை இப்போது தங்கும் விடுதி. அதற்கு முந்தைய பாட்டுப் பள்ளியும் அப்படித்தான். வாங்க வருபவர்களுக்கு இவளுடைய படத்தைத்தான் போட்டுக் காட்டினார்கள் என்று பிறகு காதில் விழுந்தது. ஆளில்லாத அறைகள், அத்தனை அழகாக. அழகு என்று நினைத்துத்தான் இவளும் எடுத்தாள். காலையில் வீட்டுக்காரர் போனில், "தட்டுமுட்டுச் சாமான் எதுவும் தெரியாம எடுங்க, அந்தப் படத்துல எனக்கும் ஒரு காப்பி வேணும்" என்றபோது, சரி என்றுதான் சொன்னாள். மறுத்துப் பேசத் தெம்பில்லாத களைப்புக்குச் சரி என்ற சொல் எவ்வளவு வசதி.

"ரெடி மேடம். வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம்."

இவள் தொட்டிலைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"அக்கா, இத உள்ளயே கொண்டுபோவோம். எல்லாத்தையும்."

"சேனல்ல கேப்பாங்களே?" என்றார் கேமராக்காரர்.

"கேக்கட்டும். நான் பேசிக்கிறேன்." யாரிடம், என்னவென்று பேசுவாள் என்பது இவளுக்கே தெரியவில்லை.

ஆனால் அக்கா தன் முனையை விடுவதாக இல்லை. "ஐயோ, வேணாம்மா! பெயின்ட்டெல்லாம் உரிஞ்சு, துணி கிழிஞ்சு... ஊரே பாக்கும்போது மானம் போயிடும். வீடு மட்டும் வரட்டும், அதான் லட்சணமா இருக்கு."

"நீங்க இருக்கீங்கன்னு தெரிய வேணாமாக்கா?"

அக்கா இவள் முகத்தையே பார்த்தாள். பிடி மட்டும் தளரவில்லை. இவள் உள்ளே இழுக்க, அவள் வாசலுக்கு இழுக்க, தொட்டில் கிறீச்சிட்டுக் கூடத்தின் நடுவில் நின்றது. கேமராக்காரர் பொத்தான்மேல் விரலை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தை கண்ணைத் திறந்து, தன் பாதத்தில் விழுந்த சிவப்பு வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது.